பேரலில் ஒரு எழுத்தும் இல்லாத பழைய கஸ்டம் ரைஃபிள்: 900 டாலருக்கு வாங்கலாமா?

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் ஒரு துப்பாக்கிக் கடையில், செகண்ட்ஹேண்ட் வரிசையில், நல்ல வால்நட் ஸ்டாக் (மரக்கட்டை) போட்ட ஒரு வேட்டை ரைஃபிள் இருக்கிறது. பார்க்க மவுசர் என்ற ஜெர்மன் ரக ரைஃபிள் மாதிரி இருக்கிறது. பேரலில் செய்தவர் பெயர் இல்லை, எந்தத் தோட்டாவுக்கானது என்றும் இல்லை. கடைக்காரர் "தேர்ட்டி ஆட் சிக்ஸ்தான், ஒரு டம்மி தோட்டாவைப் போட்டுப் பார்த்தேன், போல்ட் மூடுகிறது" என்கிறார். போல்ட் என்றால் தோட்டாவுக்குப் பின்னால் போய்ப் பூட்டும் உருளை. விலை 900 டாலர். இதை யார் செய்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா, மான் சீசனுக்குள் வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்கலாம், ஆனால் .30-06 (கடைக்காரர் சொல்லும் தேர்ட்டி ஆட் சிக்ஸ் தோட்டா) என்ற வார்த்தைக்காகக் காசு கொடுக்காதீர்கள். யார் செய்தது என்பது கடைசிவரை தெரியாமலே போகலாம், அதனால் பெரிய குறை எதுவும் இல்லை. சேம்பர், அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை, என்னவென்று தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை. அது அளந்து உறுதியாகும்வரை அந்த ரைஃபிளில் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது.

இப்படிப் பெயரில்லாத ரைஃபிள்கள் அமெரிக்காவில் இவ்வளவு கிடைப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் ஜெர்மன் கே98 மவுசர்களைக் கையோடு கொண்டுவந்தார்கள். அப்புறம் 1950களிலும் 60களிலும் உலகம் முழுக்க ராணுவங்கள் கழித்துக்கட்டிய துப்பாக்கிகள் தபாலில் மலிவு விலைக்குக் கிடைத்தன. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துதான் அந்தத் தபால் வியாபாரம் நின்றது. இந்தத் துப்பாக்கிகளை வாங்கி, ராணுவ ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு, பேரலை மாற்றி, போல்ட் கைப்பிடியை வளைத்து, டெலஸ்கோப்புக்குத் துளை போட்டு வேட்டை ரைஃபிளாக்குவது அப்போது ஒரு பெரிய பொழுதுபோக்கு. மிஸௌரி மாநிலத்தில் வார்சா என்ற சிறிய ஊரில் இருந்த ஃபாஜென், பிஷப் என்ற இரண்டு கம்பெனிகள் முக்கால்வாசி செதுக்கிய ஸ்டாக்குகளை நாடு முழுக்க அனுப்பின, மீதியை வாங்கியவர் வீட்டிலேயே உளியும் உப்புத்தாளும் வைத்து முடித்துக்கொள்வார். அதே காலத்தில் உண்மையான கைத்தேர்ந்த கன்ஸ்மித்களும் (துப்பாக்கி செய்து பழுதுபார்ப்பவர்கள்) இதே மவுசர் ஆக்ஷனில்தான் (பேரலுக்குப் பின்னால் பூட்டித் திறக்கும் இயக்கப் பகுதி) அருமையான ரைஃபிள்கள் செய்தார்கள். நீங்கள் பார்த்தது இந்த இரண்டில் எது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

இன்னொன்றும் உண்டு. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் துப்பாக்கி விற்பனைக்கு வருமுன் அரசு அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதித்து முத்திரை குத்தியாக வேண்டும். அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. அதனால் பேரலுக்கு அடியில்கூட ஒரு முத்திரையும் இல்லை என்றால் அந்தப் பேரல் அநேகமாக அமெரிக்காவில் பொருத்தியது. கடைக்காரர் "இது ஜெர்மனியில் செய்தது, பழைய சூல் நகரத்து வேலை" என்று கதை சொன்னால், ஸ்டாக்கைக் கழற்றி அடியில் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் சட்ட விஷயத்தை முடித்துவிடுவோம். பேரலில் எழுத்து இல்லாதது குற்றமில்லை, ரிசீவரில், அதாவது பேரல் பொருந்தி போல்ட் ஓடும் இரும்பு உடலில், சீரியல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ராணுவ மவுசரில் பெரும்பாலும் முன் வளையத்தின் இடது பக்கத்தில் இருக்கும். 1968க்கு முன்னால் எண்ணே இல்லாமல் சில மலிவான துப்பாக்கிகள் சட்டப்படியே விற்பனைக்கு வந்தன என்பது உண்மைதான், ஆனால் ராணுவ மவுசர் எண் இல்லாமல் வந்திருக்காது. எண் இருக்க வேண்டிய இடம் தேய்த்து மழுக்கியது போல இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள், அழித்த எண் உள்ள துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். வளையத்தின் மேலே இருந்த நாட்டுச் சின்னத்தைப் பாலிஷ் போட்டு எடுத்திருப்பது வேறு விஷயம், அதில் தப்பில்லை. பல கன்ஸ்மித்கள் அழகுக்காகச் செய்தார்கள்.

நம் ஆட்கள் பலர் கவனிக்காத ஒன்று: எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதும் வைத்திருப்பதும் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் ஏதாவது ஒரு மாநிலத்தில் எடுத்திருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள், அதில் விசா பற்றிய கேள்வி நேரடியாகவே இருக்கிறது, நண்பர் சொன்னார் என்று எதையாவது டிக் செய்யாதீர்கள். தப்பான பதில் தனிக் குற்றம், குடியுரிமைக் கனவையும் கெடுக்கும்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். கையில் எடுத்ததும் போல்ட்டைத் திறந்து சேம்பரும் மேகஸினும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், கடைக்காரர் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் பரவாயில்லை. பிறகு போல்ட்டை வெளியே எடுங்கள். உண்மையான மவுசர் 98 என்றால் முன்னால் எதிரெதிராக இரண்டு பூட்டுப் பற்கள், பின்னால் கைப்பிடிக்குச் சற்று முன்பு மூன்றாவதாக ஒரு பாதுகாப்புப் பல், போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாகப் படுத்திருக்கும் கூட்டை வெளியே இழுக்கும் ஒரு நகம் போன்ற எக்ஸ்ட்ராக்டர், போல்ட் உடலில் வாயு வெளியேற இரண்டு நீள்வட்டத் துளைகள் எல்லாம் இருக்கும். கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்ப்ரிங் ஏறும். மூன்றாவது பல் இல்லை, போல்ட்டை முன்னால் தள்ளி மூடும்போதுதான் ஸ்ப்ரிங் ஏறுகிறது என்றால் அது 1893, 95, 96 ரக மவுசர். அழகான ஆக்ஷன்கள்தான், ஆனால் குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்காகச் செய்தவை. அதில் .30-06 பேரல் போட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன், யார் செய்த வேலையாக இருந்தாலும்.

ரிசீவரின் இடது சுவரில் கட்டைவிரல் போக ஒரு பள்ளம் வெட்டியிருந்தால் அது ராணுவ ரிசீவர், கிளிப்பிலிருந்து தோட்டாக்களை அழுத்தி இறக்குவதற்கான இடம் அது. பள்ளம் இல்லாமல் சுவர் நேராக இருந்தால் வேட்டைக்கென்றே செய்த வணிக ரகம்: பெல்ஜியத்தின் எஃப்என், அல்லது யூகோஸ்லாவியாவில் ஸாஸ்டவா செய்து இன்டர்ஆர்ம்ஸ் இறக்குமதி செய்த மார்க் டென், இப்படி. ராணுவ ரகங்களில் செக் நாட்டு வீஇஸட் 24க்கும், பெர்லினில் டிடபிள்யூஎம் செய்த 1909 அர்ஜென்டினா மவுசருக்கும் கன்ஸ்மித்கள் மத்தியில் தனி மரியாதை. அர்ஜென்டினா ரகத்தில் மேகஸின் அடித்தகடு கீல் வைத்துத் திறக்கும், அதனால்தான் அதற்கு அடித்துக்கொண்டார்கள். ஆனால் அதன் இரும்பு மென்மையானது, பற்கள் உட்காரும் இடத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். போல்ட்டை மூடி ட்ரிக்கரை இழுத்துவிட்டு, கைப்பிடியை மெல்லத் தூக்குங்கள். ஒரு இடத்தில் சிக்கி ஏறுவது போல இருந்தால் குழி இருக்க வாய்ப்புண்டு, கன்ஸ்மித்தான் உறுதி சொல்ல வேண்டும்.

மவுசர் மாதிரி இருப்பதெல்லாம் மவுசர் இல்லை. போல்ட்டின் பின்னால் வெளியே உருண்டையாக ஒரு குமிழ் தெரிந்தால் அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டாக இருக்கலாம். அதில் எண்ணைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுத ஆலையில் செய்தது 8,00,000க்குக் கீழ், ராக் ஐலண்டில் செய்தது 2,85,507க்குக் கீழ் என்றால், ஆலையில் இரும்பைச் சூடேற்றிய முறை சரியில்லாமல் சில ரிசீவர்கள் நொறுங்கும் தன்மையோடு வந்த காலத்தைச் சேர்ந்தவை. எந்த ஒன்று நல்லது எது கெட்டது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. எவ்வளவு அழகான ஸ்டாக் போட்டிருந்தாலும் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. போல்ட் கைப்பிடி நாயின் பின்னங்கால் போல வளைந்திருந்தால் 1917 என்ஃபீல்ட். உங்கள் பென்சில்வேனியாவின் எடிஸ்டோனில் லட்சக்கணக்கில் செய்தார்கள். நீளமான, பலமான ஆக்ஷன். ஆனால் எடிஸ்டோன் ரிசீவர்களில் பழைய பேரலைக் கழற்றும்போது மயிரிழை வெடிப்பு விழுவது பழைய கதை, அதனால் முன் வளையத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

இப்போது சேம்பர். "தோட்டா போட்டேன், போல்ட் மூடியது" என்பது ஒன்றையும் நிரூபிக்காது. அந்தக் காலத்தில் கே98க்கான எட்டு மில்லிமீட்டர் தோட்டா அமெரிக்காவில் சுலபமாகக் கிடைக்கவில்லை, .30-06 வெற்றுக்கூடுகள் தெருவெல்லாம் கிடைத்தன. அதனால் பேரலை மாற்றாமல் சேம்பரை மட்டும் நீளமாகக் குடைந்து, .30-06 கூட்டின் கழுத்தை எட்டு மில்லிமீட்டருக்கு அகலமாக்கிப் பயன்படுத்தினார்கள். அதற்குப் பெயர் 8எம்எம்-06. இந்தச் சேம்பரில் சாதாரண .30-06 தோட்டா அழகாக உள்ளே போகும், போல்ட்டும் மூடும். சுட்டால் .308 அங்குலக் குண்டு .323 அங்குலப் பேரலுக்குள் தளர்வாக ஓடும், கூட்டின் கழுத்து கிழியும், வாயு பின்னால் கசியும், குண்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. .35 வீலன் சேம்பரிலும் இதே கதைதான், அதுவும் .30-06 கூட்டில் பிறந்ததுதான். இதற்கு நேர் எதிரானது இன்னும் மோசம்: 8×57 மவுசர் தோட்டாவை (கே98க்கான அதே எட்டு மில்லிமீட்டர்) .30-06 சேம்பரில் போட்டுச் சுட்டால் பெரிய குண்டு சின்னப் பேரலுக்குள் நெரிந்து நுழைய வேண்டும், அழுத்தம் எகிறி ஆக்ஷனே சிதறலாம். எனவே "எட்டு மில்லிமீட்டரும் போகுதான்னு பார்ப்போம்" என்று உயிருள்ள தோட்டாவை வைத்துப் பரிசோதனை செய்யவே செய்யாதீர்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய ஒரு முதல் சோதனை இருக்கிறது. கூடு, மருந்து எதுவும் இல்லாத வெறும் .308 குண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், தோட்டாவை வீட்டிலேயே தயாரிப்பவர்களிடம் டப்பா டப்பாவாக இருக்கும். போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, குண்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மூக்கைப் பேரலின் வாயில் வையுங்கள். உண்மையான முப்பது காலிபர் என்றால் குண்டு தடிமனாகத் தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். முழு உடம்பும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அது முப்பது இல்லை, எட்டு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. வாய் தேய்ந்திருந்தாலும் உள்ளே குடைந்து சரிசெய்திருந்தாலும் இது ஏமாற்றும், ஆனால் கடைக்காரரின் முகம் மாறுவதற்கு இது போதும்.

கடைசி முடிவு சேம்பர் அச்சில்தான். செரோசேஃப் என்ற உலோகக் கலவை இருக்கிறது, பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் கலந்தது, 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், கொதிக்கும் தண்ணீர்கூடத் தேவையில்லை. சேம்பரைச் சுத்தம் செய்து, பேரலுக்குள் சற்று முன்னால் துணியால் அடைத்து, உருக்கி ஊற்றினால் சேம்பரின் வடிவம் அப்படியே கையில் வரும். ஆறும்போது முதலில் சுருங்கும், பிறகு மெல்ல விரியும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சரியாகச் சேம்பர் அளவுக்கு வரும். அப்போது அளக்க வேண்டும், அவசரப்பட்டுப் பத்து நிமிடத்தில் அளந்தாலும் தப்பு, மறுநாள் அளந்தாலும் தப்பு. தோள் (கழுத்துக்குக் குறுகும் சரிவு) எங்கே தொடங்குகிறது, எந்தக் கோணம், கழுத்து எவ்வளவு அகலம், குண்டு போகும் பள்ளத்தின் விட்டம் என்ன என்று நான்கைந்து அளவுகள் கிடைத்தால் அச்சிட்ட அட்டவணையோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லிவிடலாம். பள்ள விட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: .270க்கு .277, ஏழு மில்லிமீட்டருக்கு .284, முப்பதுக்கு .308, எட்டுக்கு .323, வீலனுக்கு .358 அங்குலம். தோள் வழக்கத்தைவிடச் செங்குத்தாக 40 டிகிரியில் இருந்து, உடம்பும் பெரிதாகக் குறுகாமல் இருந்தால் ஆக்லி இம்ப்ரூவ்ட், அதாவது வழக்கமான சேம்பரைக் குடைந்து அகலமாக்கிய ரகம், என்று சந்தேகப்படுங்கள்.

அச்சு எடுத்தபின் ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டுக்கும் தோள் உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரம், அதற்கான கோ (போல்ட் மூட வேண்டியது), நோ-கோ (மூடக் கூடாதது) அளவுகோல்கள் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய மவுசர்களில் போல்ட் எண்ணும் ரிசீவர் எண்ணும் ஒத்துப்போகாதது சகஜம், இந்த அளவு சரியாக இருந்தால் அது பிரச்சினையே இல்லை. இரண்டையும் உள்ளூர் கன்ஸ்மித் செய்து தருவார். நீங்கள் கொடுக்கப் போகும் 900க்கு முன்னால் அந்தக் கூலி பெரிய காசில்லை.

வேலைத்திறன் எப்படி என்று பார்க்க எனக்குப் பிடித்த இடம் திருகுகள். நல்ல கைகள் செய்த ரைஃபிளில் எல்லாத் திருகுப் பள்ளங்களும் ஒரே திசையில், பேரலுக்கு நேராக நிற்கும், ஓரங்கள் மழுங்கியிருக்காது. செக்கரிங் (பிடிப்புக்காக மரத்தில் வெட்டும் குறுக்குக் கோடுகள்) ஓரக்கோட்டைத் தாண்டி ஓடியிருக்கக் கூடாது, வைரங்கள் முனை கூர்மையாக இருக்க வேண்டும். மரமும் உலோகமும் சேரும் இடத்தில் காகிதம் நுழையக் கூடாது. பின்திருகுக்குப் பின்னால் மரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், ரீகாயில் லக் (சுடும்போது வரும் உதையை மரத்துக்குக் கடத்தும் இரும்பு முனை) மரத்தில் சரியாகப் பதியாத ரைஃபிள் அங்கேதான் பிளக்கும். டெலஸ்கோப் துளைகள் நடுக்கோட்டில் இருக்கின்றனவா, தேவையில்லாத கூடுதல் துளைகள் உண்டா என்றும். பெரிய மேக்னம் தோட்டாவுக்காகச் சாதாரண மவுசரை மாற்றியிருந்தால், கீழ்ப் பூட்டுப் பல் சாய்ந்து நிற்கும் இரும்பை எவ்வளவு வெட்டியெடுத்தார்கள் என்று பாருங்கள், ஆசைப்பட்டு அதிகம் வெட்டிய ரிசீவர்கள் உண்டு.

ட்ரிக்கரும் சேஃப்டியும்: காலி ரைஃபிளில் சேஃப்டி போட்டு ட்ரிக்கரை இழுத்துவிடுங்கள், பிறகு சேஃப்டியை எடுங்கள். அப்போது ஊசி விழுந்தால் வாங்காதீர்கள், அல்லது புது ட்ரிக்கரின் விலையைக் கழியுங்கள். போல்ட்டை வேகமாகத் தள்ளி மூடும்போதும் விழக் கூடாது.

யார் செய்தது என்பதற்கு ஸ்டாக்கைக் கழற்றினால்தான் ஏதாவது தெரியும். கடைக்காரர் சம்மதித்தால் சரியான ஸ்க்ரூட்ரைவர் வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். பேரலின் அடியில் பேரல் செய்த கம்பெனியின் முத்திரை, காலிபர், முறுக்கு அளவு இருக்கலாம், சில கன்ஸ்மித்கள் முதலெழுத்தை அங்கேதான் குத்துவார்கள். ஸ்டாக்கின் பேரல் பள்ளத்தில் பென்சிலில் பெயரோ தேதியோ எழுதியிருப்பதும், பின்தட்டைக் கழற்றினால் அதற்கடியில் இருப்பதும் உண்டு. பெயர் இல்லாவிட்டாலும் காலத்தை ஓரளவு சொல்லலாம். உருண்டு மேலேறிய மான்டி கார்லோ கன்னமேடு, வெள்ளை பிளாஸ்டிக் தகடுகள், பளபளக்கும் வார்னிஷ் என்றால் 1950, 60களின் கலிஃபோர்னியா பாணி. நேர்க்கோட்டு ஸ்டாக், எண்ணெய் பூச்சு, கருங்காலி முனை என்றால் பழைய கிளாசிக் பாணி, அல்லது பின்னால் அதைத் திரும்பப் பிடித்தவர்கள். 1923இல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹோ தன் ரைஃபிள்களில் பெயரையும் எண்ணையும் போட்டுவிடும், பெரிய கைகள் பொதுவாகக் கையெழுத்தை மறைத்ததில்லை. அதனால் கையெழுத்தில்லாத ரைஃபிளுக்கு "இது அவர் செய்ததாகத்தான் இருக்கும்" என்று பெரிய பெயர் சொன்னால் அந்தப் பெயருக்கு நான் பத்துப் பைசா கொடுக்க மாட்டேன்.

ஸ்டாக்கைத் தோளில் வைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். கஸ்டம் ஸ்டாக் என்றால் வேறொருவரின் கைநீளத்துக்கும் கழுத்துக்கும் செதுக்கியது. ஆறடி ஆளுக்குச் செய்த ஸ்டாக் நம்மில் பலருக்கு நீளம், குளிர்கால ஜாக்கெட் போட்டால் இன்னும் நீளம். வெட்டிக் குட்டையாக்கலாம்தான், ஆனால் நல்ல மரத்தில் கை வைக்க மனசு வராது.

விலை. இன்று புதிதாக இப்படி ஒன்று செய்யச் சொன்னால் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும், அதைக் காட்டித்தான் கடைக்காரர் 900 மலிவு என்பார். ஆனால் கஸ்டம் ரைஃபிளுக்குச் செலவழித்தது முதல் சொந்தக்காரரோடு போய்விடும், பெயர் இல்லையென்றால் இன்னும் வேகமாகப் போய்விடும். என் கணக்கு இப்படி: எஃப்என் அல்லது 1909 போன்ற நல்ல ஆக்ஷன், சுத்தமான ஸ்டாக் வேலை, அச்சு எடுத்து .30-06, .270, 7×57 என்று கடையில் தோட்டா கிடைக்கும் சேம்பர் உறுதியானால் 900 நியாயம். 8எம்எம்-06 மாதிரி வந்தால் 500க்கு மேல் யோசிக்க மாட்டேன், ஏனென்றால் ஒவ்வொரு தோட்டாவையும் நீங்களே தயாரிக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். வீட்டில் உப்புத்தாள் தேய்த்து முடித்த வேலை என்றால் ஆக்ஷனுக்கு மட்டும் விலை பேசுங்கள், ஏனென்றால் பேரல் மாற்றினால் கூலியோடு ஆயிரம் டாலரைத் தொடலாம்.

கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து, சேம்பர் .30-06 இல்லை என்று கன்ஸ்மித் சொன்னால் பணம் முழுதும் திரும்ப என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். உண்மையிலேயே .30-06 என்று நம்புகிறவர் எழுதித் தருவார். தேங்க்ஸ்கிவிங் முடிந்த அந்தச் சனிக்கிழமையே உங்கள் மாநிலத்தில் ரைஃபிள் மான் சீசன் தொடங்கிவிடும். கன்ஸ்மித்கள் எல்லாரும் அந்த வாரங்களில் பிஸி. அச்சு, அளவு, ரேஞ்சில் குறி சரிபார்ப்பு எல்லாம் அதற்குள் முடியாவிட்டால் இந்த வருடம் யாரிடமாவது ஒரு சாதாரண ஃபேக்டரி ரைஃபிளை இரவல் வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போங்கள், இதை ஜனவரியில் நிதானமாகப் பாருங்கள்.